தோலில் சார்காய்டோசிஸ்: உள்ளே புற்றுநோய் இருக்கிறது என்று அர்த்தமா?

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஸ்ரீரங்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். அவருடைய மனைவிக்கு மூக்கின் ஓரத்திலும் கன்னத்திலும் ஊதா நிறத்தில் தடிப்புகள். ஆறு மாதம் படைக்குப் பூசும் களிம்புகளை மாற்றி மாற்றிப் பூசியும் பயனில்லை. திருச்சியில் தோல் மருத்துவர் ஒருவர் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவில் 'சார்காய்டோசிஸ்' என்று இருந்தது.

மருத்துவர் சொன்னதைவிட வேகமாக வேலை செய்தது கைப்பேசிதான். துபாயில் இருக்கும் மைத்துனர் எதையோ தேடிப் படித்துவிட்டு, "உள்ளே கேன்சர் இருந்தால்தான் தோலில் இப்படி வருமாம்" என்று குரல் பதிவு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. நகையை விற்று எல்லா ஸ்கேனும் எடுத்துவிடலாமா, அல்லது எதையும் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாமா என்று குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

நாம் மருத்துவம் படித்தவர் அல்லர். மதரஸாவில் ஓதியபின் கல்லூரியில் கலைப்பாடம் படித்தவர். ஆனால் இப்படிப்பட்ட காகிதங்கள் முதலில் மருத்துவரிடம் திரும்பிப் போவதில்லை; பள்ளிவாசலுக்குத்தான் வருகின்றன. எனவே அறிந்த மருத்துவர்களிடம் கேட்டும், ஆய்வுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சுருக்கமான பதில்

தோலில் சார்காய்டோசிஸ் இருப்பதாலேயே உள்ளே புற்றுநோய் இருக்கிறது என்று பொருள் இல்லை. இந்நோய் உள்ள பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. ஆனால் இரண்டுக்கும் தொடர்பே கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது. ஆகவே பீதியும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். துண்டு எடுத்து உறுதி செய்வது, உள்ளுறுப்புகளை ஒருமுறை முறையாகப் பார்ப்பது, அதன்பின் சொன்ன தேதியில் தவறாமல் போய்க் காட்டுவது ஆகிய மூன்றும்தான் தேவை.

சார்காய்டோசிஸ் என்றால் என்ன?

நம் உடலின் எதிர்ப்பு அணுக்கள் ஒரு கிருமியையோ அந்நியப் பொருளையோ அழிக்க முடியாதபோது, அதைச் சுற்றிலும் கூடி நின்று சின்னஞ்சிறு முடிச்சாக மாறும். இந்த முடிச்சுக்கு 'கிரானுலோமா' என்று பெயர். காசநோயிலும் தொழுநோயிலும் இதுதான் நடக்கிறது. சார்காய்டோசிஸில் இத்தகைய முடிச்சுகள் உருவாகின்றன. ஆனால் காரணமான கிருமி எதுவும் அகப்படுவதில்லை. இதற்கான உறுதியான காரணம் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, குழந்தையைத் தூக்குவதாலோ பரவாது. இந்நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலிலோ நெஞ்சுக்கூட்டில் உள்ள நிணநீர்க் கணுக்களிலோ பாதிப்பு இருக்கும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தோலில் தெரியும். கண், கல்லீரல், இதயம், நரம்பு ஆகியவற்றிலும் வரலாம். பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே தணிந்துவிடுகிறது. சிலருக்கு நீடித்து உறுப்புகளைப் பாதிக்கிறது.

பெயரிலேயே தொடங்கிய குழப்பம்

1869இல் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர், கைகால்களில் ஊதா நிறத் தடிப்புகள் கொண்ட ஒரு தொழிலாளியைப் பார்த்தார். 1889இல் பாரிஸில் எர்னெஸ்ட் பெஸ்னியே, மூக்கிலும் காதிலும் இதேபோன்ற தடிப்பு கண்ட நோயாளியைப் பற்றி எழுதி, அதற்கு 'லூபஸ் பெர்னியோ' என்று பெயரிட்டார். 1899இல் நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் பேக், தோல் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தார். அதன் அணுக்கள் 'சார்கோமா' என்ற புற்றுநோயின் அணுக்களைப் போலத் தோற்றமளித்தன; ஆனால் நோயோ தீங்கற்றதாக இருந்தது. ஆகவே 'சார்கோமா போன்றது, ஆனால் அது அல்ல' என்ற பொருளில் 'சார்காய்டு' என்று எழுதினார்.

ஆக, இந்த நோயின் பெயருக்குள்ளேயே புற்றுநோயின் சாயல் இருக்கிறது. பெயரை வைத்துப் பயப்படுவோர் இதை நினைவில் வைத்தால் போதும்: அந்தப் பெயர் சூட்டப்பட்டதே 'இது புற்றுநோய் அல்ல' என்று பிரித்துக் காட்டத்தான்.

இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் மருத்துவ அறிக்கைகள் 1950களில் வெளிவந்தன. சென்னையில் பணியாற்றிய தோல் மருத்துவ அறிஞர் ஆர்.வி. ராஜம் அதை எழுதிய முன்னோடிகளில் ஒருவர்.

தோலில் எப்படித் தெரியும்?

ஒரே வடிவில் வருவதில்லை என்பதுதான் இந்நோயின் சிக்கல்.

முகத்தில், குறிப்பாகக் கண் இமை, மூக்கு, உதட்டைச் சுற்றிச் சிறு பருக்கள் போல வரலாம். முதுகிலும் கைகால்களிலும் தடித்த படைகளாக வரலாம். மூக்கு, கன்னம், காதில் ஊதா நிறத்தில் பளபளப்பாக வீங்குவதே மேலே சொன்ன லூபஸ் பெர்னியோ. இது வந்தால் மூக்கின் உட்பகுதியையும் நுரையீரலையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கும் இந்நோய் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வகையை நம் வீடுகளில் எளிதில் தவறவிடுவோம். பல ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட தழும்பு, தீக்காய வடு, காதுகுத்திய இடம், ஊசி போட்ட இடம் ஆகியவை திடீரெனச் சிவந்து தடிப்பது. பச்சை குத்திய இடத்திலும் இப்படி நேரலாம். பழைய தழும்பு காரணமின்றி உயிர்பெற்றது போல வீங்கினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் வலியோடு சிவந்த முடிச்சுகள் வருவதும் உண்டு. காய்ச்சலும் கணுக்கால் வீக்கமும் சேர்ந்து வரலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும், இந்த வகைதான் பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறி நன்மையாக முடிகிறது. ஆனால் இதே முடிச்சுகள் காசநோயிலும் வரும்.

நம் ஊரில் முதலில் விலக்க வேண்டியவை

மேலை நாட்டுக் கட்டுரைகளைக் கைப்பேசியில் படிப்போர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இங்கே கண்டறியப்படுகின்றனர். ஆகவே நம் ஊரில் தோலில் கிரானுலோமா என்று வந்தால், மருத்துவர் புற்றுநோயைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த இரண்டையும் விலக்கியாக வேண்டும்.

தொழுநோய்ப் படையில் பெரும்பாலும் தொடு உணர்ச்சியும் சூடு குளிர் உணர்ச்சியும் குறைந்திருக்கும்; நரம்பு தடித்திருக்கும். சார்காய்டோசிஸ் படையில் உணர்ச்சி பொதுவாக இருக்கும். காசநோயைக் கண்டறியச் சளிப் பரிசோதனை, கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை, மாண்டூ ஊசிப் பரிசோதனை ஆகியவை உள்ளன. இரண்டு நோய்களுக்கும் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

இதில் தவறினால் இழப்பு இரு பக்கமும் உண்டு. சார்காய்டோசிஸைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினால் ஈரலுக்குச் சுமை. காசநோயைச் சார்காய்டோசிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் உடலெங்கும் பரவும்.

புற்றுநோயோடு உள்ள தொடர்பு நான்கு வகை

'தொடர்பு' என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பயம் பெருகுகிறது.

முதல் வகை: சார்காய்டோசிஸ் நெடுங்காலம் இருந்தவருக்குப் பின்னாளில் புற்றுநோய் வருவது. நிணநீர்க் கணுக்களில் வரும் 'லிம்போமா' இதில் முக்கியமானது. எதிர்ப்பு அணுக்கள் ஓய்வின்றி ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே இருப்பதால் அவற்றில் ஒன்று தடம் மாறக்கூடும் என்று கருதுகிறார்கள். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் பிரிங்கர் இதற்கு 'சார்காய்டோசிஸ் லிம்போமா கூட்டு நோய்' என்று பெயர் கொடுத்தார்.

இரண்டாம் வகை: புற்றுநோய் முதலில் வந்து, அதற்கு எதிர்வினையாக அருகிலுள்ள கணுக்களிலோ, அரிதாகத் தோலிலோ சார்காய்டு போன்ற முடிச்சுகள் உருவாவது. இது உண்மையான சார்காய்டோசிஸ் அல்ல, அதன் சாயல். பிரிங்கர் 1986இல் தொகுத்த கணக்கின்படி, சாதாரணப் புற்றுக் கட்டிகளில் 100க்கு சுமார் 4 பேரிடமும், ஹாட்ஜ்கின் லிம்போமாவில் சுமார் 14 பேரிடமும், பிற லிம்போமாக்களில் சுமார் 7 பேரிடமும் இந்த எதிர்வினை காணப்பட்டது. துபாய் மைத்துனர் படித்தது அநேகமாக இதைப் பற்றித்தான். ஆனால் இது புற்றுநோயாளிகளில் எத்தனை பேருக்கு இந்த முடிச்சு இருக்கிறது என்ற கணக்கு. தோலில் முடிச்சு உள்ளவர்களில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் என்ற கணக்கு அல்ல. இரண்டும் தலைகீழானவை.

மூன்றாம் வகை: புற்றுநோய்க்குத் தரும் மருந்தால் சார்காய்டு முடிச்சுகள் வருவது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகளில் இது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. சிகிச்சை பெறுபவருக்குப் புதிதாகத் தோல் முடிச்சோ கணு வீக்கமோ வந்தால், 'நோய் பரவிவிட்டது' என்று குடும்பம் மனம் உடைந்துபோகும். துண்டு எடுத்துப் பார்த்தால் சில நேரம் அது வெறும் மருந்தின் விளைவாக இருக்கும்.

நான்காம் வகை: ஒன்று மற்றொன்றாகத் தோன்றுவது. பெட் ஸ்கேனில் புற்றுநோய் ஒளிர்வது போலவே சார்காய்டோசிஸ் கணுக்களும் ஒளிரும். ஆகவே ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து 'புற்றுநோய் பரவியிருக்கிறது' என்று முடிவு செய்ய முடியாது. மறுபக்கம், தோலில் தோன்றும் சில லிம்போமாக்கள் கிரானுலோமாவோடு கலந்து நின்று, சார்காய்டோசிஸ் போலவே காட்சி தரும். அதனால்தான் மருத்துவர் சில சமயம் இரண்டாவது முறையும் துண்டு எடுக்கச் சொல்கிறார். அது ஏமாற்று வேலை அல்ல.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்த விவாதம் 50 ஆண்டு பழையது. 1974இல் பிரிங்கரும் வில்பெக்கும் டென்மார்க்கில் 2,544 நுரையீரல் சார்காய்டோசிஸ் நோயாளிகளை ஆராய்ந்து, லிம்போமா எதிர்பார்த்ததைவிட 11 மடங்கும் நுரையீரல் புற்றுநோய் 3 மடங்கும் இருந்ததாக எழுதினார்கள். மருத்துவ உலகம் திடுக்கிட்டது. ஆனால் அதே நாட்டைச் சேர்ந்த ரோமர், அந்தக் கணக்கில் நோயைத் தவறாக வகைப்படுத்தியவர்களும் கலந்திருப்பதாக 1980இல் மறுத்தார். 1998இல் அவரும் குழுவினரும் 555 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, புற்றுநோய் அதிகம் இல்லை என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே சுவீடனில் நடந்த பெரிய ஆய்வு, லிம்போமாவும் நுரையீரல் புற்றுநோயும் ஓரளவு கூடுதல் என்றது. 2015இல் பல ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மொத்தப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று தெரிந்தது.

மடங்குக் கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம்: 10,000 பேரில் 2 பேருக்கு வரும் அரிய நோய் இரு மடங்கானால், 4 பேருக்கு வரும். மீதி 9,996 பேருக்கு வராது. 'இரு மடங்கு' என்ற சொல் தரும் அச்சத்துக்கும் உண்மைக்கும் இவ்வளவு தூரம். இன்னொன்றும் உண்டு. சார்காய்டோசிஸ் நோயாளிக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால், மற்றவர்களிடம் தெரியாமல் போகும் கட்டிகளும் இவர்களிடம் தெரிந்துவிடுகின்றன.

எப்போது கூடுதல் விழிப்பு வேண்டும்?

• ஐம்பது வயதைத் தாண்டியபின் முதன்முறையாக இந்நோய் தோன்றினால்
• முன்பு புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றவராக இருந்தால்
• காரணமின்றி எடை குறைந்து, இரவில் ஆடை நனையும் அளவு வியர்த்தால்
• கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டி, ஒரு பக்கம் மட்டும் வளர்ந்துகொண்டே போனால்
• தோல் தடிப்பு புண்ணாக உடைந்தால், அல்லது சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் வேகமாகப் பெருகினால்
• இரத்த எண்ணிக்கையில் காரணம் புரியாத மாற்றம், அல்லது சளியில் இரத்தம் இருந்தால்

எடை குறைதலும் காய்ச்சலும் சார்காய்டோசிஸிலேயே வரும்; காசநோயிலும் வரும். ஆகவே இவை இருந்தால் புற்றுநோய் என்று பொருள் அல்ல. அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று பொருள்.

என்ன பரிசோதனை, எங்கே?

முதலில் தோல் துண்டுப் பரிசோதனை. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அளவே எடுப்பார்கள். முகத்தில் வடு விழும் என்று பெண்கள் தயங்குவது இயல்பு. மறைவான வேறு இடத்தில் தடிப்பு இருந்தால் அதைக் காட்டுங்கள். அங்கிருந்து எடுக்க முடியும். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்பதிலும் தவறில்லை. ஆனால் கிடைக்கவில்லை என்று பரிசோதனையையே கைவிட்டுவிடாதீர்கள்.

அடுத்து நெஞ்சு எக்ஸ்ரே, இரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம், கால்சியம் பரிசோதனைகள், இ.சி.ஜி. ஆகியவை. கண்ணில் தொந்தரவே இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். இந்நோய் சத்தமில்லாமல் பார்வையைக் கெடுக்கக்கூடியது. சி.டி., பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள். பயத்தில் நீங்களாகவே போய் எடுக்காதீர்கள்.

திருச்சியில் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. ஸ்ரீரங்கம் பகுதியினர் அங்குள்ள அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுப் போகலாம். புற்றுநோய்ச் சந்தேகம் வலுத்தால், 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். துண்டுப் பரிசோதனையின் கண்ணாடித் தகடுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; மறுபடி வெட்டாமலே அவற்றைப் பார்த்துவிடுவார்கள். நகையை விற்பதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிகிச்சையும் சில எச்சரிக்கைகளும்

தோலில் சிறிதளவே இருந்தால் பூசும் மருந்து போதும். சிலருக்கு எதுவுமே தேவைப்படாது. அதிகமானால் ஸ்டீராய்டு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை தரப்படும். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பர்தா அணியும் பெண்களுக்கு வெயில் படாததால் வைட்டமின் டி குறைவு என்று மாத்திரை எழுதுவது இன்று சாதாரணமாகிவிட்டது. சார்காய்டோசிஸ் முடிச்சுகள் தாமாகவே வைட்டமின் டியைச் செயல்படும் நிலைக்கு மாற்றக்கூடியவை. இதனால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகக் கல்லும் பாதிப்பும் வரலாம். ஆகவே இந்நோய் உள்ளவர்கள் வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ரமலானில் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். மாத்திரையைச் சஹரிலோ இஃப்தாரிலோ மாற்றி எடுக்க முடியுமா என்று ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இருக்கிறது. நோன்புக்காக மருந்தை விட்டுவிட்டு உடலைக் கெடுத்துக்கொள்ளும்படி மார்க்கம் கேட்கவில்லை.

நாம் செய்த ஒரு பிழை

இக்கட்டுரையை எழுத இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிப் பெரியவர் ஒருவருக்கு இதே நோய் கண்டறியப்பட்டது. வயது அறுபதைக் கடந்தவர். அவரும் பயந்துபோய் வந்தார். நாம், "இது கேன்சர் இல்லை, பயப்படாதீர்கள்" என்று ஆறுதல் சொல்லி, துஆ செய்து அனுப்பினோம். சொன்னது பொய்யல்ல; அன்றைக்கு அது புற்றுநோய் அல்லதான். ஆனால் "சொன்ன தேதியில் தவறாமல் போங்கள்" என்று நாம் சொல்லவில்லை. அவரும் போகவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்துக் கழுத்தில் கட்டி பெரிதான பிறகுதான் குடும்பம் அழைத்துச் சென்றது. லிம்போமா என்று வந்தது. சிகிச்சை நடந்தது, ஆனால் தாமதம் தாமதம்தான்.

'பயப்படாதே' என்பது பாதி ஆறுதல்தான் என்பதை அன்று கற்றோம். மீதிப் பாதி, 'மறுபடி போய்க் காட்டு' என்பது. ஆலிம்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் குடும்பத்துப் பெரியவர்களும் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முடிந்தால் அடுத்த தேதியைக் கேட்டுக் குறித்துவைத்து, உடன் ஒருவரை அனுப்ப வேண்டும். ஓதிப் பார்ப்பது மருத்துவத்துக்குப் பதில் அல்ல. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

தையல் கடைச் சகோதரரின் மனைவிக்கு நுரையீரல் கணுக்களில் லேசான வீக்கம் மட்டுமே இருந்தது. புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. மூக்கின் தடிப்பு மெல்ல வடிந்து வருகிறது. அந்த வீட்டுச் சுவர் நாட்காட்டியில் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்கள். சென்ற வாரம் அதைப் பார்த்தபோது நமக்கு மனம் நிறைந்தது.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் நலத்தைத் தருவானாக.